தெள்ளுப்பூச்சி உபத்திரவம்

கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் அப்பத்தாவோடு நாற்பது நாள் தங்கியிருந்துவிட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு நான்கு தினங்கள் முன்னதாக அருப்புக்கோட்டைக்குத் திரும்பினோம். அப்பத்தாவும் உடன் வந்தாள். பிரசவத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தங்கையும் அவளுடைய எட்டு மாதக் குழந்தையும் வந்தார்கள். கதவைத் திறந்து நடுக்கூடத்தில் காலடி வைத்ததுதான் தாமதம். நமது சலவை வேஷ்டியின் கரையோரத்தில் யாரோ எள்ளை வாரி இறைத்தாற்போல் கரும்புள்ளிகள் தோன்றின. புள்ளியாயிருந்தால் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இவையோ குதித்தன. கணுக்காலில் சுருக்கென்றது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடினாள்.

தெள்ளுப்பூச்சி! ஊருக்குப் புறப்படுவதற்கு முன் சாமான் அறையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்ததும், அதைப் பாவம் என்று விட்டு வைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. தாயும் குட்டிகளும் எங்கேயோ போய்விட்டன. தங்கள் பரிவாரத்தை மட்டும் நமக்கு விட்டுப் போயிருந்தன.

இந்த வறண்ட சீமையில் தெள்ளை அறியாத குடும்பம் இருக்க முடியாது. ஆடு கட்டும் வீடு, நாய் வளர்க்கும் வீடு, எலி குடியிருக்கும் தானிய அறை ஆகிய எல்லாவற்றிலும் ஏதேனும் ஒரு பருவத்தில் அது தலைகாட்டும். ஆயினும் இதைப்பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். மூட்டைப்பூச்சி, பேன், தெள்ளு என்றாலே வீட்டுக்காரியின் சுத்தத்தைக் குறை சொல்வதாக எண்ணும் வழக்கம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. கூச்சத்தின் பலன் என்னவென்றால், யோசனை கேட்காமல் அவசரத்தில் அபாயமான காரியத்தைச் செய்து விடுகிறோம். நாமும் செய்தோம். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நலம்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கரிசல் காட்டில் பருத்தி உண்டு. நம் வீட்டு அமளியைக் கேட்டு வந்தவர், "இதுக்குப் போய் மலைக்கலாமா வாத்தியாரய்யா? பருத்திக்கு அடிச்ச மருந்து மிச்சம் கிடக்கு. தண்ணியிலே கலந்து தெளிச்சாப் பூச்சி போன இடம் தெரியாது" என்று சொல்லி ஒரு புட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். நல்ல எண்ணத்துடன்தான் கொடுத்தார். புட்டியின் மேல் இருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது. சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சுகாதார பாடம் நடத்துகிற நாம், அந்த மருந்தை ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கூடத்தில் வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்புறம் சென்றோம். தங்கை துணி உதறிக்கொண்டிருந்தாள். பாயில் விட்டிருந்த குழந்தை, பளபளவென்று மின்னிய டம்ளரைக் கண்டு தவழ்ந்து வந்து அதன் விளிம்பில் கையை வைத்தது.

அப்பத்தா பார்த்தாள். எண்பது வயதுக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, குழந்தையை ஒரு கையால் வாரியெடுத்து மறு கையால் டம்ளரை அப்பால் தள்ளினாள். நாம் ஓடிவந்து, சிந்தியதன்மேல் மணலைக் கொட்டி அள்ளினோம். குழந்தையின் கைகளைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினோம். டாக்டரிடம் காட்டினோம். வாயில் ஒன்றும் படவில்லை. அன்றிரவு அப்பத்தா நம்மைக் கேட்டது ஒரே கேள்விதான்: "படிச்ச வாத்தியாரு செய்யிற காரியமாடா இது?"

பதில் இல்லை. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீஹார் மாகாணத்தில் சாரண் ஜில்லாவில் ஒரு கிராமப் பள்ளியில் நடந்ததை நாம் பத்திரிகையில் படித்திருந்தோம். மத்தியானச் சாப்பாட்டை உண்ட பிள்ளைகளில் 23 பேர் மாண்டார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பயிர் மருந்து கலந்திருந்ததாகப் பரிசோதனையில் கண்டார்கள். வயலுக்குரிய விஷம் அடுப்படிக்குள் நுழைந்ததன் விளைவு அது. படித்து வருத்தப்பட்டோமே தவிர, அதே தவறு நமது கூடத்தில் ஒரு டம்ளரில் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை.

புட்டியை இறுக மூடி அதன் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். அந்த டம்ளரை நசுக்கிப் புதைத்தோம். இனி இந்தப் பூச்சியை விஷமில்லாமலே வெல்வது என்று தீர்மானித்து, முதலில் அதன் ஜாதகத்தைப் படிக்கத் தொடங்கினோம்.

தெள்ளுக்கு இறக்கை கிடையாது. உடல் இரண்டு பக்கமும் அழுத்தியதுபோல் தட்டையாயிருக்கும். அதனால்தான் நாயின் ரோமக் காட்டில் அது மீனைப்போல வழுக்கி ஓடுகிறது. விரலால் நசுக்கினால் சாகாது. இரண்டு நகங்களுக்கிடையில் வைத்து நெரிக்க வேண்டும். 1665-ஆம் ஆண்டில் லண்டனில் ராபர்ட் ஹூக் என்பவர் பூதக்கண்ணாடியால் கண்டவற்றைச் சித்திரமாக வெளியிட்ட புத்தகத்தில், தெள்ளின் படம் மடக்கிய தாளில் பெரிதாக விரிந்து பார்த்தவர்களைத் திடுக்கிட வைத்ததாம். கவசம் அணிந்த போர்வீரனைப்போல இருக்கிறது அது. அதன் தாவலும் அதிசயமே. கால்களின் அடியில் ரப்பரைப் போன்ற ஒரு பசைப்பொருளை அழுத்தி வைத்திருந்து, வில்லின் நாணை விடுவதுபோல் விடுகிறது. பூனைத் தெள்ளு கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம் குதிக்கும். நம் கணுக்கால்களே கடிபடுவதன் ரகசியம் இதுதான்.

ஆனால் குதிக்கும் பூச்சி, சேனையின் முன்னணி மாத்திரமே. பின்னணி தரையில் ஒளிந்திருக்கிறது. பெண் தெள்ளு ரத்தம் குடித்த இரண்டொரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முட்டை வரையில் இடும். முட்டைகள் ரோமத்தில் ஒட்டுவதில்லை. பூனை எங்கே படுக்கிறதோ அங்கே உப்புத் தூளைப்போல உதிர்ந்து கிடக்கும். இரண்டு முதல் ஐந்து நாளில் அவற்றிலிருந்து வெண்மையான சிறு புழுக்கள் வருகின்றன. இவை கடிப்பதில்லை. வெளிச்சத்தைக் கண்டால் அஞ்சிக் கட்டிலுக்கடியிலும், பாயின் கீழும், தரை வெடிப்பிலும் புகுந்துகொள்ளும். இவற்றுக்கு ஆகாரம், பெரிய தெள்ளுகள் கழிக்கும் காய்ந்த ரத்தப் பொடி. சில நாளில் புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூட்டைப்போலக் கூடு கட்டி, அதன் மேல் மணலையும் தூசியையும் ஒட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் வளர்ச்சி முடிந்த தெள்ளு உடனே வெளியே வரும் என்பதில்லை. வீட்டில் ஆள் அரவம் இல்லையென்றால் மாதக்கணக்கில் உள்ளேயே தவம் இருக்கும். காலடியின் அதிர்ச்சி, உடம்பின் வெப்பம், மூச்சுக் காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவை பட்டவுடன் ஒரு நொடியில் கூட்டைக் கிழித்துக்கொண்டு பாயும்.

பூட்டிக் கிடந்த வீட்டில் நமக்கு நடந்த வரவேற்பின் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா? நாற்பது நாள் பட்டினி போட்டால் பூச்சி செத்துவிடும் என்று நினைப்பது தவறு. பட்டினி போட்டால் அது காத்திருக்கும். இன்னொன்று: எந்த மருந்தானாலும், கடும் விஷமானாலும், அந்தக் கூட்டுக்குள் எளிதில் புகாது. பக்கத்து வீட்டார் கொடுத்த புட்டி முழுவதையும் தெளித்திருந்தாலும் இரண்டாவது வாரம் தெள்ளு மறுபடி குதித்திருக்கும்.

தெள்ளைச் சாமானியமாக எண்ணிவிட வேண்டாம். நம் தேசத்தில் 1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. நோய் எப்படிப் பரவுகிறது என்று ஒருவருக்கும் தெரியாதிருந்தபோது, பால் லூயி ஸிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1898-ல் கராச்சியில் ஒரு சோதனை செய்தார். பிளேக் கண்ட எலியை ஒரு கண்ணாடிச் சாடியில் விட்டார். எலியின் மேல் தெள்ளு போதாதென்று ஒரு பூனையிடமிருந்து பிடித்த தெள்ளுகளையும் சேர்த்தார். அந்த எலி சாகும் தறுவாயில், வேறொரு நல்ல எலியை அதைத் தொடமுடியாதபடி கூண்டுக்குள் வைத்து அதே சாடியில் இறக்கினார். சில தினங்களில் அதுவும் பிளேக்கினால் மாண்டது. தெள்ளு இல்லாத எலிகளை வைத்துச் செய்தபோது நோய் தொற்றவில்லை. அவருடைய முடிவை அப்போது பலர் நம்பவில்லை. 1905 முதல் பம்பாயில் வேலை செய்த பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர், தெள்ளு தாவியெட்டும் உயரத்தில் வைத்த கூண்டுகளிலுள்ள பிராணிகள் நோய் காண்பதையும், எட்டாத உயரத்தில் தொங்கவிட்டவை தப்புவதையும் கண்டு அதை உறுதிப்படுத்தினார்கள்.

இதில் நம் பக்கத்தாருக்கு விசேஷ அக்கறை கொடுக்கும் செய்தி ஒன்றுண்டு. எலித் தெள்ளில் பல ஜாதிகள் இருக்கின்றன. பிளேக்கைத் திறமையாகப் பரப்பும் ஜாதிக்கு, எகிப்தில் பெரிய கூர்நுனிக் கோபுரம் கட்டிய கியாப்ஸ் அரசன் பெயரை 1903-ல் சார்லஸ் ராத்ஸ்சைல்ட் என்ற ஆங்கிலேயர் சூட்டினார். (ராஜாவுக்கு இதைவிட வேறு மரியாதை செய்திருக்கலாம்.) கொழும்பில் சுகாதார ஆராய்ச்சி செய்துவந்த பேபியன் ஹிர்ஸ்ட் 1913-ல் அங்குள்ள எலிகளின் மேல் வேறொரு ஜாதி, ஆஸ்டியா என்பது, மிகுந்திருப்பதைக் கண்டார். அது பிளேக்கைப் பரப்புவதில் மந்தமானது. சென்னைப் பட்டினமும் சுற்றுப்புறமும் பம்பாயைப்போல் நாசமாகாமல் தப்பியதற்கு இது ஒரு காரணம் என்று அவர் வாதித்தார். மற்றொரு காரணம் நமது வெயில். உஷ்ணமும் வறட்சியும் மிகுந்த காற்றில் தெள்ளின் ஆயுள் குறைந்து பிளேக் தானே தணிந்துவிடுவதை அக்கால ஆராய்ச்சியாளர்கள் பல ஊர்களிலும் பார்த்திருக்கிறார்கள். மலைக்காற்று வீசும் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் தங்கி வாட்டியது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே உண்டு. வெயிலைச் சபித்துக்கொண்டே வாழும் நம் பக்கத்து ஜனங்கள் அதற்கு இந்த ஒரு நன்றிக் கடனையாவது பட்டிருக்கிறோம்.

வெயில் இலவசமாகக் கிடைக்கும்போது ஜனங்கள் ஏன் விஷத்துக்குப் போனார்கள்? யுத்த காலத்தில் டி.டி.டி. என்ற வெள்ளைப்பொடி வந்தது. 1943-44-ல் இத்தாலியில் நேபிள்ஸ் நகரத்தில் ஜனங்களின் சட்டைக்குள் அதை ஊதிப் பேனை ஒழித்து டைபஸ் காய்ச்சலை அடக்கினார்கள். அதன் பூச்சிகொல்லும் குணத்தைக் கண்ட பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் கமாக்சின் பொடி வந்தது. நமது பாட்டிமார் அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே அந்தப் பொட்டலத்தை வைத்திருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். நாளடைவில் பூச்சிகள் அவற்றுக்குப் பழகிக்கொண்டன. விஷமோ மண்ணிலும், பாலிலும், மனிதர் கொழுப்பிலும் தங்கிவிட்டது. 1962-ல் அமெரிக்க மாது ரேச்சல் கார்சன் எழுதிய புத்தகம் உலகத்தின் கண்ணைத் திறந்தது. நம் நாட்டில் 1989-ல் பயிர்த் தொழிலுக்கு டி.டி.டி. தடுக்கப்பட்டது. பி.எச்.சி. என்னும் கமாக்சின் 1997-ல் தடுக்கப்பட்டது. ஆனாலும் பெயர் தெரியாத வெள்ளைப்பொடியைச் சந்தையில் பொட்டலமாய் வாங்கும் பழக்கம் போகவில்லை. முகவரி இல்லாத பொட்டலம் வீட்டுக்குள் வரலாகாது.

இனி நாம் செய்தவற்றைச் சொல்லுகிறோம்.

முட்டைக்கும் புழுவுக்கும் ஈரம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அவை பெரும்பாலும் வற்றிப்போகின்றன. மண்ணின் சூடு 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நீடித்தாலும் புழு தாங்குவதில்லை. அருப்புக்கோட்டை மொட்டை மாடியில் ஆனி மாதத்து உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நின்றவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஆகவே பாய், தலையணை, மெத்தை, கால்மிதி, கோணிச் சாக்கு, பழைய புத்தக மூட்டை உட்பட வீட்டில் பெயர்க்கக்கூடிய யாவற்றையும் மாடியில் கொண்டுபோய் விரித்தோம். மத்தியானத்தில் ஒருமுறை புரட்டிப்போட்டுத் தடியால் தட்டினோம். இப்படித் தொடர்ந்து ஐந்து நாள். போர்வைகளையும் குழந்தையின் துணிகளையும் சலவைக்காரரிடம் கொடுத்து வெள்ளாவியில் வைக்கச் சொன்னோம். அந்த ஆவியில் எந்தத் தெள்ளும் பிழைக்காது. வெள்ளாவி அடுப்புகள் அருகிவரும் இக்காலத்தில், கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தாலும் போதும்.

அப்புறம் துடைப்பம். இதுதான் யுத்தத்தின் பிரதான ஆயுதம் என்று நாம் கருதுகிறோம். கூடத்தின் நடுவை நாள்தோறும் பெருக்கி மூலைகளை மறப்பது நம் பழக்கம். தெள்ளின் புழுவோ மூலைகளில்தான் வாசம் செய்கிறது. சாமான் அறையைக் காலி செய்து, சுவரோரம், கதவு நிலையின் அடி, ஆட்டுக்கல்லின் கீழ், அலமாரிக்குப் பின்புறம் எல்லாவற்றையும் தினம் இருமுறை பெருக்கினோம். குப்பையை வாசலில் கொட்டினால் பூச்சி நமக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும். ஒரு பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவைத்துப் பிறகு எரித்தோம். தூசி உறிஞ்சும் யந்திரம் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். 2007-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் பரிசோதித்தபோது, அந்த யந்திரத்துக்குள் இழுக்கப்பட்ட பெரிய தெள்ளுகளில் நூற்றுக்கு 96 செத்துப்போனதையும், கூட்டிலிருந்தவை ஒன்றும் தப்பாததையும் கண்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நாம் ஒருநாள் இரவல் வாங்கிப் பார்த்தோம். அதன் அதிர்ச்சியில் கூட்டுக்குள் உறங்குபவை எழுந்து வெளிவருவது ஒரு கூடுதல் லாபம்.

சிமெண்டுத் தரையின் வெடிப்புகளில் கொதிநீரை ஊற்றி, காய்ந்தபின் சிமெண்டுக் குழம்பினால் அடைத்தோம். மண் தரையுள்ள வீடுகளில் சாணமிட்டு மெழுகுவது நம் வழக்கம். மெழுகுவதால் வெடிப்பு அடைபடுவது நன்மையே. ஆனால் மெழுகிய தரை உலராமல் இருந்தால் புழுவுக்கு வேண்டிய ஈரத்தை நாமே கொடுத்தவர்களாவோம். தெள்ளு உள்ள காலத்தில் காலையில் மெழுகி, கதவு ஜன்னலைத் திறந்து நன்றாய்க் காயவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குப்பின் தெள்ளு பெருகுவதும் இதனாலேயே.

இரவு வேட்டை தனி. வாய் அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பூந்திக்கொட்டை நுரையைக் கலந்து, இருண்ட அறையின் நடுவில் தரையில் வைத்தோம். தாம்பாளத்துக்கு ஒரு சாண் மேலே சிறிய விளக்கு. பசித்த தெள்ளு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் நாடித் தாவித் தண்ணீரில் விழும். வெறும் தண்ணீரானால் மேலே மிதந்து கரையேறிவிடும். நுரை கலந்திருப்பதால் முழுகிப்போகும். முதல் நாள் அகல் விளக்கு வைத்தோம். குழந்தை உள்ள வீட்டில் அது கூடாதென்று மறுநாள் சிறு மின்சார விளக்கைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு, அறைக் கதவைச் சாத்தினோம். கம்பி தாம்பாளத்துத் தண்ணீரில் விழாதபடி இறுகக் கட்டுவது முக்கியம்.

காலையில் அப்பத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீக்குச்சியால் எண்ணுவாள். முதல் இரவு 57. இரண்டாம் இரவு 34. மூன்றாவது நாள் 19. ஆறாம் நாள் மூன்றே மூன்று. ஜயம் என்று கூத்தாடினோம். எட்டாம் நாள் காலையில் 46! நம் வீட்டார் மறுபடியும் அந்தப் புட்டிப் பேச்சை எடுக்கவில்லையென்றாலும், தங்கை மூட்டை கட்டத் தொடங்கினாள். மேலே சொன்ன கூட்டின் கதையை நாம் கரும்பலகையில்லாமல் ஒரு பாடமாகவே நடத்தினோம். புதிதாய் வெளிவந்தவை இவை. இவற்றுக்கு முட்டையிட ரத்தம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால், கூடுகளின் கையிருப்பு ஒருநாள் தீர்ந்தேயாக வேண்டும். முதல் வாரத்தின் வெற்றியை நம்பித் துடைப்பத்தை வைத்துவிடுகிறவர்களே பெரும்பாலும் தோற்கிறார்கள். நான்கு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

நாய் பூனை வளர்க்கும் வீடுகளில் அந்தப் பிராணியைக் கவனிக்காமல் தரையை மட்டும் பெருக்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பதாகும். ஈரமான வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் நாயைப் பேன்சீப்பால் வாருங்கள். உதிரும் கரும்பொடி ஈரம் பட்டுச் சிவந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது ரத்தம். வெறும் மண்ணானால் சிவக்காது. நாயைக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரையால் ஒரு வளையம் போடவேண்டும். இல்லாவிட்டால் உடம்பு நனைந்தவுடன் தெள்ளெல்லாம் காதுக்கும் முகத்துக்கும் ஏறிவிடும். சீப்பில் சிக்கியவற்றை நுரைத் தண்ணீரில் உதற வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் பக்கத்து வேட்டை நாய்களுக்கு ரோமம் குட்டை. பத்து நிமிஷத்தில் வேலை முடியும். குட்டிகளைத் தெள்ளு நிறைய மொய்த்தால் ரத்தம் குன்றிச் செத்தே போகும். அத்தகைய நிலையில் கால்நடை வைத்தியரிடம் காட்டி அவர் சொல்வதையே செய்ய வேண்டும்.

பச்சிலை என்றால் பாதகமில்லை என்ற நம்பிக்கையும் அவ்வளவு சரியல்ல. வேப்பிலையையும் நொச்சியையும் பரப்புவதால் தெள்ளு கொஞ்சம் விலகலாம்; கூட்டிலிருப்பது சாகாது. கண் எரியப் புகைபோட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டுமேயன்றிப் புழுவுக்கு ஒன்றும் நேராது. கற்பூரமும் பாச்சை உருண்டையும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் விஷம். தைல வகைகள் பூனைக்கு ஆகாது; நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணியாதலால் உடம்பில் தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். பினாயிலும் அப்படியே. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் விட்டால் பூனை இறந்துவிடக்கூடும். நாய்க்குப் பூண்டு கொடுப்பதும் நல்லதல்ல. மண்ணெண்ணெயால் தரை துடைத்துத் தீயில் முடிந்த கதைகள் நம் ஜில்லாவில் கேட்காதவையல்ல.

கிராமங்களில் ஆட்டுக் கொட்டிலே தெள்ளின் தலைநகரம். திருச்சுழிப் பக்கத்தில் அறுவடை முடிந்த காடுகளில் இரவுதோறும் இடம் மாற்றிக் கிடை போடுவார்கள். எருவுக்காகச் செய்வது என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். தெள்ளின் கணக்கில் பார்த்தால் அதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. முட்டைகள் விழுந்த இடத்தை ஆடு மறுநாள் விட்டுப் போய்விடுகிறது. புழுவானது வெட்டவெளி வெயிலில் காய்கிறது. வீட்டையொட்டி நிரந்தரமாய்க் கட்டும் கொட்டிலில்தான் தலைமுறை தலைமுறையாகப் பெருக இடம் கிடைக்கிறது. கொட்டிலை வாரம் ஒருமுறை வழித்தெடுத்து, மேல் மண்ணை அகற்றி, ஓலையைப் பிரித்து வெயில் விழச் செய்தால் வீட்டுக்குள் வரும் கூட்டம் பாதி குறையும். குழந்தைகளைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம்.

எலி விஷயத்தில் ஒரு முக்கிய எச்சரிக்கை. எலி செத்தால் அதன்மேலிருக்கும் தெள்ளு குளிர்ந்த உடலை விட்டு வெளியேறி, அடுத்துக் கிடைக்கும் வெப்பமான உடலைத் தேடும். பிளேக் காலத்தில் எலி விழுந்த வீட்டை ஜனங்கள் விட்டோடியது வீண் பயமல்ல. ஆகையால் தெள்ளு மலிந்த வீட்டில் எலிப் பாஷாணம் வைத்து மூலைக்கு மூலை சாகவிடுவது புத்திசாலித்தனமாகாது. முதலில் தெள்ளை அடக்கிவிட்டு, பொறி வைத்து எலியைப் பிடித்து, வளைகளை அடைக்க வேண்டும். செத்த எலியைக் கையால் தொடவே கூடாது. தெள்ளுக் கடிக்குப் பின் சில நாளில் கடுமையான காய்ச்சல், தலைவலி, உடம்பில் சிவந்த தடிப்பு, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டுதல் ஏதேனும் கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கழிக்காமல் டாக்டரிடம் போய், தெள்ளு கடித்த செய்தியையும் சொல்லவேண்டும். எலித் தெள்ளு பரப்பும் ஒருவகை டைபஸ் காய்ச்சல் நம் மாகாணத்தில் இன்றும் காணப்படுகிறது. தகுந்த மருந்து உரிய காலத்தில் கொடுத்தால் எளிதில் குணமாகும். சாதாரணக் கடிக்குச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் குளிர்ந்த துணி வைத்தால் போதும். குழந்தையின் நகத்தை ஒட்ட நறுக்கிவிடுங்கள். சொறிந்து புண்ணாவதுதான் பெரும் தொல்லை.

நமது தாம்பாளத்தின் கணக்கு எட்டாம் நாளுக்குப்பின் மெல்ல இறங்கியது. பதினைந்தாம் நாள் 11, இருபதாம் நாள் 4. இருபத்தாறாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை. அப்பத்தா நம்பாமல் மேலும் ஒரு வாரம் தாம்பாளத்தை வைக்கச் சொன்னாள். வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு சாமான் அறைக்குள் நடந்துபார்க்க வேண்டியது நம் பொறுப்பு. ஒரு புள்ளியும் ஏறவில்லை. செலவு என்று பார்த்தால் பூந்திக்கொட்டைக்கும் சலவைக்கும் சிமெண்டுக்குமாகச் சேர்ந்து சொற்பத் தொகைதான். உழைப்பு அதிகம், அதை மறைப்பதற்கில்லை. நம் வீட்டாருக்கு இடுப்பு வலி கண்டது.

தங்கை குழந்தையைக் கூடத்தில் இறக்கிவிட்டாள். அது நேரே தாம்பாளம் இருந்த இடத்துக்குத் தவழ்ந்து போயிற்று. அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு திரும்பிப் பார்த்தது. சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர்கள் ஆடு ஈன்றிருக்கிறது, கொட்டிலில் தெள்ளு. "வாத்தியாரய்யா, அந்தத் தாம்பாளத்தைக் கொஞ்சம் குடுங்க" என்றார். அப்பத்தா பூந்திக்கொட்டையையும் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்து, "அந்தப் புட்டி இன்னும் உங்க வீட்டிலே இருக்காய்யா?" என்று கேட்டாள். மாட்டுத் தொழுவத்து மாடத்தில் இருப்பதாகச் சொன்னார். அதைக் கண்மாயில் கொட்டிவிடாமல், பூட்டுள்ள பெட்டியில் வைத்து, விவசாய ஆபீஸில் என்ன செய்வதென்று விசாரிக்க நாளை அவரோடு நாமும் போகிறோம்.